ஜாகா முதல் கேமரா வரை: தோட்டத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டிய காவல் தொழில்



இந்தப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வீட்டிலோ, பெரியப்பா, மாமா வீட்டிலோ 'செக்யூரிட்டி வேலை' பார்ப்பவர் ஒருவராவது இருக்கிறாரா? கிளைக் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்பது என் வழக்கம். ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் எங்கே கேட்டாலும் கைகள் நிறையவே உயரும். "சரி, அந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று அடுத்து கேட்டால் சிரிப்புதான் வரும். "அதுக்கு என்னாண்ணே படிப்பு? நின்னா போதும்!"

இந்த 'நின்னா போதும்' காலம் முடிந்துகொண்டு வருகிறது. அதைத்தான் இந்த மாதம் படிக்கப் போகிறோம். நான் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தும் வேலையில் பத்து வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும், தோட்டம் இருந்த இடத்தில் எழும்பிய தாமான்களிலும் ஏணி போட்டு ஏறி கேமரா மாட்டியிருக்கிறேன். நான் மாட்டும் ஒவ்வொரு கேமராவும் ஒரு கேள்வியைக் கூடவே கொண்டு வருகிறது. இதனால் எத்தனை ஜாகாக்களைக் குறைக்கலாம் என்று முதலாளி கணக்குப் போடுவார். குறைக்கப்படும் அந்த ஆள் பெரும்பாலும் நம்ம ஆள்தான்.

முன்பு எப்படி இருந்தது

'ஜாகா' மலாய்ச் சொல். காவல் என்றுதான் பொருள். தோட்டத்துத் தமிழில் அது ஆளின் பெயராகவே ஆகிவிட்டது. "ஜாகா வர்றாரு" என்றால் பிள்ளைகள் ரம்புத்தான் மரத்திலிருந்து குதித்து ஓடுவார்கள். பழைய காலத்தில் பட்டணத்துக் கடைவாசல்களில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் இருந்தவர்களில் சீக்கியர்கள் அதிகம். தோட்டங்களில் ஸ்டோர், புகைக்கூடம், பங்களா மூன்றுக்கும் இரவுக் காவல் இருக்கும். எல்லையில் முனீஸ்வரர் இருப்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது, சுருட்டும் பொங்கலும்தான்.

தோட்டக் காவல் பெரிய விஷயமானது 1948-ல். அந்த வருடம் ஜூன் 16-ஆம் தேதி பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது, 1960 வரை நீடித்தது. நாடு முழுக்கத் தோட்டங்களில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு. உங்கள் பாட்டி தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள், 'எஸ்.சி. காலம்' என்று சொல்வார்கள். காவல் என்றால் துப்பாக்கியும் வேலியும் ஆளும் என்ற நினைப்பு அந்தப் பன்னிரண்டு வருடங்களில்தான் நம் தோட்டங்களில் ஊன்றியது என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்திலும் 'டெக்னாலஜி' இல்லாமல் இல்லை. ரோந்துக் கடிகாரம் என்று ஒன்று உண்டு. தோல் உறையில் போட்டு ஜாகா தோளில் மாட்டிக்கொள்வார். ஸ்டோர், ஃபாக்டரி, பம்ப் ஹவுஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாவி சங்கிலியில் தொங்கும். அங்கே போய் அந்தச் சாவியைக் கடிகாரத்தில் நுழைத்துத் திருப்பினால் உள்ளே இருக்கும் காகிதத் தட்டில் எண் பதியும். காலையில் அதைத் திறந்து பார்த்தால் ஜாகா 2 மணிக்கு எங்கே இருந்தார், 3 மணிக்குத் தூங்கினாரா என்று தெரிந்துவிடும். இன்று கைப்பேசியைச் சுவரில் ஒட்டிய வில்லையில் தொட்டால் 'டிங்' என்கிறதே, அதுவும் இதே யோசனைதான். காகிதத்துக்குப் பதில் செயலி, அவ்வளவுதான். ஒரே வித்தியாசம், காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் நிற்கும் இடம் கோலாலம்பூரில் இருப்பவருக்கு அந்த நிமிடமே தெரிகிறது.

நிலம் மாறியது, வேலை மாறியது

செண்டாயான், லாபு, நீலாய் பக்கம் போனால் ரப்பரும் செம்பனையும் இருந்த இடத்தில் புதுப் பட்டணங்கள். சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் மலேசியன் விஷன் வேலி திட்டமும் தோட்ட நிலங்களை நம்பித்தான் இருக்கிறது. தாத்தா பால் வெட்டிய அதே மண்ணில் பேரன் நீலச் சட்டை போட்டு, கேட்டில் தடுப்புக் கம்பம் தூக்குகிறான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நேர்மையான வேலை, குடும்பம் நடத்துகிறது. ஆனால் அந்தக் கம்பத்தை இப்போது கார் நம்பரைப் படிக்கும் கேமரா தானே தூக்குகிறது. மூன்று பேர் நின்ற கேட்டில் ஒருவர். அடுத்த ஒப்பந்தத்தில் அவரும் இரவுக்கு மட்டும் என்று ஆகலாம்.

ஒரு தாமான் கேட்டில் நான் கேமரா மாட்டிக்கொண்டிருந்தபோது அங்கே நின்ற அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, நீ மாட்டுறது எனக்கு உதவிக்கா, இல்ல என் வேலைக்கா?" நான், "அண்ணே, திரையைப் பார்த்து ரிப்போர்ட் எழுதத் தெரிஞ்சா உங்களுக்கு உதவி" என்றேன். அவர் சும்மா விடவில்லை. "அதை யாரு எனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அவருக்காகவும்தான்.

காவலின் மூன்று படிகள்

உலகத்தில் எந்த நாட்டுப் பாதுகாப்புப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் மூன்று சொற்கள் இருக்கும். கண்டறி, தாமதப்படுத்து, எதிர்கொள். திருடன் வருவது தெரிய வேண்டும். தெரிந்தபின் அவன் காரியம் முடிப்பதற்குள் நேரம் ஆக வேண்டும். அந்த நேரத்துக்குள் ஆள் வந்து சேர வேண்டும். இதில் கணக்கு மிக எளிது: தாமதம், ஆள் வரும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

தோட்டத்துக் கணக்காகவே பார்ப்போம். உர ஸ்டோர் கதவில் ஒரு பூட்டு. பூட்டு வெட்டும் கத்தரியால் அதை வெட்ட ஒரு நிமிடம். 50 கிலோ மூட்டைகளை லோரியில் ஏற்ற பத்து நிமிடம். போலீஸ் நிலையம் இருபத்தைந்து நிமிடத் தூரம். இங்கே எவ்வளவு விலை உயர்ந்த கேமரா மாட்டினாலும் என்ன கிடைக்கும்? பதினொரு நிமிடத் திருட்டுப் படம் கிடைக்கும், தெளிவான வண்ணத்தில்! கேமரா முதல் படியை மட்டும்தான் செய்கிறது. பல நிர்வாகங்கள் பணத்தையெல்லாம் முதல் படியில் கொட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகின்றன. விற்பவர்களும் அதை ஞாபகப்படுத்துவதில்லை. (என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன், வேறென்ன செய்ய.)

இரண்டாவது படியில் தோட்டத்துப் பழைய புத்தி இன்றும் முதல் இடத்தில் இருக்கிறது. பயன்படுத்தாத ஃபீல்டு ரோட்டின் வாயில் எக்ஸ்கவேட்டரைக் கொண்டு குறுக்கே ஒரு பள்ளம் வெட்டிவிடுவார்கள். மோட்டார் இறங்கி ஏறலாம், லோரி போக முடியாது. லோரி போகாவிட்டால் செம்பனைக் குலைத் திருட்டில் லாபம் இல்லை, ஒரு குலையே 15, 20 கிலோ இருக்கும். எத்தனை மோட்டாரில் எத்தனை நடை போவது?

குலைத் திருட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் அன்றாடத் தலைவலி. 2022 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. விலை ஏறினால் திருடனுக்கும் ஆசை ஏறும். வெட்டிய குலை ரோட்டோரத்தில் குவிந்து கிடக்கும்போதுதான் திருட்டு எளிது. மரத்திலிருந்து வெட்டுவதற்குத் திறமை வேண்டும், சத்தமும் கேட்கும். அதனால் வெட்டிய குலையை அன்றைக்கே ஆலைக்கு ஏற்றிவிடுவதுதான் முதல் காவல். பழம் நேரம் கழித்துப் போனால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும் என்பதால் ஆலையும் அதையேதான் கேட்கிறது. தரத்துக்காகச் செய்யும் வேலையே காவலாகவும் ஆகிறது. இதற்குக் கேமரா தேவையில்லை, லோரி நேரத்துக்கு வந்தால் போதும்.

திருடிய குலையை எங்கேயாவது விற்கத்தானே வேண்டும்? குலை வாங்கி விற்பவர்களுக்கு மலேசியச் செம்பனை வாரியத்தின் உரிமம் வேண்டும். அதனால் எடைப் பாலத்தில் நம்பர் பலகையைப் படிக்கும் கேமரா ஒன்று இருந்து, லோரி எண், நேரம், எடைச் சீட்டு மூன்றும் ஒரே பதிவில் சேர்ந்தால், எந்த ஃபீல்டிலிருந்து எத்தனை டன் புறப்பட்டது, எத்தனை வந்தது என்பதை ஒப்பிட்டுவிடலாம். காட்டுக்குள் இருட்டில் மாட்டும் பத்து கேமராக்களைவிட இந்த ஒன்று அதிகம் பேசும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கணக்கு தெரிந்த ஆள்.

கருவிகள்: விளம்பரத்தில் சொல்லாதது

இரவில் பார்க்கும் சாதாரண கேமராக்கள் தங்களைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகளை வைத்திருக்கின்றன. நம் கண்ணுக்கு அந்த ஒளி தெரியாது. பூச்சிகள் அங்கே வரும். பூச்சி வந்தால் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை கட்டும், காற்றில் வலை ஆடும். கேமரா அதை 'அசைவு' என்று எடுத்துக்கொண்டு அலாரம் அடிக்கும். சிலந்திக்குப் பிறகு பல்லி. ஓர் இரவில் நூறு முறை பொய்யாக அலறினால் ஜாகா என்ன செய்வார்? சத்தத்தை நிறுத்திவிடுவார். நூற்று ஒன்றாவது அலறல் உண்மையாக இருக்கும். வாரம் ஒரு முறை நீளக் கம்பில் துணி கட்டித் துடைப்பதுதான் இதற்கு மருந்து. 'செயற்கை நுண்ணறிவு' என்று இப்போது சொல்லி விற்பதில் பெரும்பகுதி இந்தப் பிரச்சினைக்குத்தான்: அசைவது மனிதனா, வண்டியா, பன்றியா, வாழை இலையா என்று பிரித்துச் சொல்வது. நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. வலை கட்டிய லென்ஸில் அதற்கும் ஒன்றும் தெரியாது.

வெப்பத்தைப் பார்க்கும் கேமரா இன்னொரு வகை. கும்மிருட்டிலும் செம்பனை நடுவே நிற்கும் ஆளை வெள்ளை உருவமாகக் காட்டும். ஆனால் சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை வைத்துத்தான் அது பார்க்கிறது. நம் நாட்டு மத்தியான வெயிலில் மண்ணும் கல்லும் உடம்பளவு சூடாகிவிட்டால் உருவம் மங்கிவிடும். குளிர்நாட்டில் எடுத்த விளம்பரப் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. விடியற்காலைதான் இங்கே அதற்கு நல்ல நேரம்.

இடியையும் சொல்லியாக வேண்டும். மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மேட்டில் ஒரு கம்பம் நட்டு, அதில் கேமரா மாட்டி, நூறு மீட்டர் கம்பி இழுத்தால் மின்னலுக்குப் பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி. எர்த்தும், மின்னழுத்தத் தடுப்பானும் போடாத கேமரா ஒரு மழைக்காலம் தாங்காது. சூரிய ஒளித் தகடு வைத்தால் வளர்ந்த செம்பனை ஓலை நிழல் விழும். பள்ளத்தாக்கில் 4ஜி கிடைக்காது. இவற்றையெல்லாம் நிலம் தெரிந்த ஆள்தான் முதல் நாளே சொல்வான். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. எந்த மேட்டில் சிக்னல் வரும், எந்த ரோடு மழையில் மூழ்கும் என்று கூகிள் வரைபடத்தைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

டிரோன் பற்றிக் கேட்காத இளைஞர் இல்லை. தோட்டக் கண்காணிப்புக்கும் மருந்து தெளிக்கவும் டிரோன் வந்துவிட்டது உண்மை. ஆனால் வாங்கி வந்து பறக்கவிட்டால் வேலை ஆகிவிடாது. மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு. சாதாரணமாக 400 அடிக்கு மேல் போகக் கூடாது, விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளியில் அனுமதி வேண்டும். நீலாய், லாபு பக்கத்துக்குக் கே.எல்.ஐ.ஏ. பக்கம். செண்டாயானில் ஆகாயப்படைத் தளம். எனவே நம் மாநிலத்தில் இந்த விதிகள் வெறும் காகிதம் அல்ல. தொழிலாகச் செய்ய விரும்புகிறவர்கள் ஆணையம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் படித்து, ஆர்.சி.ஓ.சி. என்ற தொலைவிமானி தகுதிச் சான்றிதழ் வாங்குங்கள்.

ரோபோவும் வந்துவிட்டது. அமெரிக்காவில் நைட்ஸ்கோப் நிறுவனத்தின் காவல் ரோபோ ஒன்று 2017 ஜூலையில் வாஷிங்டனில் ஓர் அலுவலக வளாகத்தில் ரோந்து போகும்போது படிக்கட்டில் உருண்டு நீரூற்றுக் குளத்தில் விழுந்தது. படம் உலகமெல்லாம் போனது. சிரித்தோம். ஆனால் அந்த நிறுவனம் ரோபோ செய்வதை நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள்.

படிப்பும் சம்பளமும்

நம் நாட்டில் தனியார் காவல் நிறுவனங்கள் 1971-ஆம் ஆண்டு தனியார் முகவாண்மைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்று நடக்கின்றன. வெளிநாட்டவரில் நேப்பாள முன்னாள் இராணுவ வீரர்களுக்குத்தான் நீண்ட காலமாக இந்த வேலைக்கு அனுமதி. அதாவது இது மலேசியர்களுக்கென்று வைக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. பாதுகாவலர்களுக்கு சி.எஸ்.ஜி. என்ற அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது "எனக்கு சி.எஸ்.ஜி. எப்போ?" என்று கேளுங்கள். சட்டையும் பூட்ஸும் கொடுத்து அன்று இரவே கேட்டில் நிறுத்துகிறவரிடம் கொஞ்சம் யோசித்துச் சேருங்கள்.

சம்பளக் கணக்கும் பாடத்தில் ஒரு பகுதிதான். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி, சிறிய முதலாளிகளுக்கு அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல். இதை 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. சாதாரண நாளில் மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 காசு. காவல் வேலையில் 12 மணி ஷிப்ட் சகஜம். நாளுக்கு 4 மணி மிகைநேரம், 26 நாளில் 104 மணி. மாதத்துக்கு 104 மணி நேரம்தான் சட்டம் அனுமதிக்கும் மிகைநேர உச்சவரம்பு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக மிகைநேரம் சுமார் 1,275, மொத்தம் சுமார் 2,975 வெள்ளி. இது தோராயக் கணக்கு. ஓய்வு நாளுக்கும் பொது விடுமுறைக்கும் வேறு விகிதம், அது போக இ.பி.எஃப்., பெர்கெசோ பிடித்தம் உண்டு. 12 மணி நேரம் நின்று, எல்லாம் சேர்த்து 'மொத்தச் சம்பளம் 2,000' என்று கைக்காசாக வாங்குகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பத்தியை அவரிடம் காட்டிச் சம்பளச் சீட்டைக் கேட்கச் சொல்லுங்கள். சீட்டே தராத இடமும் இருக்கிறது. அப்படியானால் தொழிலாளர் இலாகா சிரம்பானில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் இதை வேறு மாதிரி செய்தது. அங்கே 2016 முதல் காவல் துறையில் படிநிலைச் சம்பள முறை. பாதுகாவலர், மூத்த பாதுகாவலர், மேற்பார்வையாளர், மூத்த மேற்பார்வையாளர் என்று ஏணி. ஒவ்வொரு படிக்கும் இன்ன பயிற்சி, இன்ன சம்பளம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். அடிப்படைப் பாதுகாவலரின் மாதச் சம்பளம் 2024-ல் 2,650 சிங்கப்பூர் வெள்ளி, 2028-ல் 3,530 ஆக வேண்டும் என்பது அட்டவணை. எல்லை தாண்டிப் போகும் நம் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் குறைந்தபட்சம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அங்கே அரசு அலுவலகங்கள் 2020 மே மாதம் முதல், 'எத்தனை ஆள் அனுப்புவாய்' என்று கேட்காமல் 'என்ன விளைவு தருவாய்' என்று கேட்டு ஒப்பந்தம் போடுகின்றன. ஆள் குறைந்தது, கருவி கூடியது, மிஞ்சிய ஆளுக்குச் சம்பளம் ஏறியது. நம் நாட்டில் இப்போது முதல் இரண்டும் நடக்கின்றன. மூன்றாவது தானாக நடக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சான்றிதழ் கையில் இருப்பவர்தான் அதைக் கேட்டு வாங்க முடியும்.

அந்தச் சான்றிதழுக்கு வழிகள் உண்டு. எலெக்ட்ரானிக், மின்கம்பி, கணினி வலையமைப்பு ஆகியவற்றில் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ். எஸ்.பி.எம். சரியாக வராதவர்களும் கீழ்ப்படியிலிருந்து தொடங்கலாம். நம் மாநிலத்திலேயே பெடாஸில் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கேமரா பொருத்தும் வேலைக்கு வரும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது வயர்மேன் சான்றிதழ்தான். ஏற்கெனவே பல வருடம் வேலை செய்தவர்களுக்கு வகுப்பில் உட்காராமல் அனுபவத்தை ஆதாரமாகக் காட்டி எஸ்.கே.எம். பெறும் பி.பி.தி. முறை உண்டு. நான் மேலே சொன்ன கேட் அண்ணன் மாதிரி ஆட்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் பல துறை முதலாளிகள் பயிற்சிக்கென்று சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப்பில் கட்டுகிறார்கள். உங்களைப் படிக்க வைக்கக் கட்டிய பணம் அது. மரியாதையாகக் கேளுங்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம்

ஒன்று, பாதுகாவலர் போலீஸ் இல்லை. சாதாரணக் குடிமகனுக்கு உள்ள அதிகாரம்தான் அவருக்கும். கண் முன்னே கடுமையான குற்றம் செய்பவரைப் பிடிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. பிடித்தால் தாமதமில்லாமல் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். மரத்தில் கட்டி அடித்து, அதைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்களே, அப்போது திருடன் சாட்சியாகிவிடுவான், நாம் குற்றவாளிக் கூண்டில் நிற்போம்.

இரண்டு, கேமராவில் பதியும் முகம் தனிநபர் தரவு. வணிக நிறுவனங்களை 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 'இங்கே கேமரா உண்டு' என்று பலகை வையுங்கள். பதிவை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். வேலை செய்யும் இடத்துப் பதிவை வேடிக்கைக்காகப் பகிர்ந்தவருக்கு வேலை போவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

இந்த மாதப் பயிற்சி: உங்கள் தோட்டக் கோயில்

நம் தோட்டக் கோயில்களில் உண்டியலும், வெள்ளிக் கவசமும், அம்மன் தாலியும் திருடு போகும் செய்தி நமக்குப் புதிதல்ல. லயம் காலியாகி மக்கள் தாமானுக்குப் போனபின் வெள்ளிக்கிழமை மட்டும் திறக்கும் கோயில்கள் பல. சுற்றி ஆள் இல்லை. அதனால் பயிற்சியை அங்கே செய்வோம். நாலு பேர் சேர்ந்தால் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். தலைவரிடமும் பூசாரி ஐயாவிடமும் முதலில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயிலைச் சுற்றி நடந்து காகிதத்தில் ஒரு வரைபடம் போடுங்கள். கதவு, ஜன்னல், விளக்கு, லோரி வரக்கூடிய ரோடு, பக்கத்து வீடு. பிறகு மூன்று படிகளையும் அதில் குறியுங்கள். உள்ளே நுழைந்தால் யாருக்குத் தெரியும்? பூட்டு எத்தனை நிமிடம் தாங்கும்? போன் போட்டால் முதலில் வந்து சேர்பவர் யார், எத்தனை நிமிடத்தில்? இரவு எட்டு மணிக்கு மேல் ஒருவர் மோட்டாரில் வீட்டிலிருந்து கோயிலுக்கு வந்து நேரத்தைக் குறித்துப் பாருங்கள். மனக்கணக்கு போடாதீர்கள். பூட்டு தாங்கும் நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால், கேமராவுக்கு முன் கதவைத்தான் பலப்படுத்த வேண்டும். உண்டியலைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குவதும், வாரா வாரம் இருவர் முன்னிலையில் எண்ணிக் காலி செய்வதும் செலவில்லாத வேலை.

நகைகள், பாத்திரங்கள், விக்கிரகங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து, எடை, உயரம், அடையாளக் கீறல் எழுதி ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். திருட்டு நடந்தபின் போலீஸில் "ஒரு வெள்ளிக் குடம்" என்று சொன்னால் அவர்கள் எதைத் தேடுவார்கள்?

கேமரா ஏற்கெனவே இருந்தால் பதிவுப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல கோயில்களில் உண்டியலுக்கு மேலேயே இருக்கும். திருடன் இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போவான். பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் இடைவிடாமல் பதிந்தால் நாளுக்கு சுமார் 43 ஜிகாபைட். 8 கேமரா என்றால் சுமார் 345. பெட்டியில் 2 டெராபைட் தட்டு இருந்தால் ஆறு நாள்கூட வராது, பழையதை அழித்துப் புதியதைப் பதிய ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை இரவு பூட்டிவிட்டுப் போகிறோம், அன்று நள்ளிரவே திருட்டு நடக்கிறது, அடுத்த வெள்ளி மாலை வந்து திறக்கிறோம். பதிவு இருக்குமா? உங்கள் கோயில் பெட்டியின் அளவை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒவ்வொருவரும் ஒரு சம்பவ அறிக்கை எழுதிப் பழகுங்கள். 'கோயில் பின்கதவு பூட்டு உடைந்திருந்தது' என்று கற்பனை செய்துகொண்டு மலாயில் அரைப் பக்கம். எத்தனை மணிக்குப் பார்த்தேன், எங்கே, என்ன கண்டேன், யார் கூட இருந்தார், யாரை எத்தனை மணிக்கு அழைத்தேன், எதைத் தொட்டேன், எதைத் தொடவில்லை. 'திருடர்கள் வந்து உடைத்துவிட்டார்கள்' என்று எழுதாதீர்கள், அதை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இந்த ஒன்றைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவரைத்தான் நான் பார்த்த நிறுவனங்களில் ஒரே வருடத்தில் கேட்டிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். வரைபடத்தையும் அறிக்கையையும் அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து திருத்துவோம். நகைப் பட்டியலை மட்டும் கோயில் தலைவரிடமே கொடுத்துவிடுங்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.